ஓடைக்கு மூடி போடும் மனுவில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

நம் குடியிருப்போர் சங்கத்துத் தலைவர் அண்ணனுக்கும், செயலாளருக்கும், பொருளாளர் அக்காவுக்கும், அப்புறம் மனுவைத் தூக்கிக்கொண்டு வெயிலில் படியேறி வந்த தம்பிகளுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த மனு என் வீட்டுக்கும் வந்தது. ஓடையின் இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பி, மேலே சிலாப் போட்டு மூடி, அதற்கு மேல் 20 அடிக்கு ரோடு போட்டுத் தர வேண்டும் என்று எழுதியிருந்தது. எனக்கு முன்னால் அறுபது பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் காபி கொடுத்து, பேப்பரை அப்படியே திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அதிலிருந்து ரெண்டு பேர் காலை வாக்கிங்கில் எதிரே வந்தால் செல்போனுக்குள் தலையை விட்டுக்கொள்கிறார்கள். சரி, காரணம் சொல்லாமல் திருப்பியது என் தப்புதான். அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், ஓடையும் நீளம்தானே.

தண்ணீர் வீட்டுக்குள் வந்த கஷ்டம் தெரியாமல் பேசுகிறான் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை, மதுரையில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 10 செ.மீ. கொட்டித் தீர்த்ததே, அன்றைக்கு என் வீட்டுக்குத் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டு, ஜெயித்துவிட்டோம் என்று நானும் என் மனைவியும் நின்றுகொண்டிருக்கும்போது, பின்னால் பாத்ரூம் சல்லடை வழியாகக் குபுகுபுவென்று பொங்கி வந்தது. ராத்திரி எட்டு மணிக்கு ஹாலில் முழங்கால் அளவு. ஃப்ரிட்ஜ் மெதுவாகச் சாய்ந்து, செருப்புகளோடு சேர்ந்து மிதந்துகொண்டிருந்தது. மறுநாள் எல்லாவற்றையும் வழித்துத் தள்ளும்போது ஃப்ரிட்ஜ் கதவு ரப்பருக்குள் ஒரு விரல் கனத்துக்கு மண் அப்பியிருந்தது. சாக்கடைச் சேறு என்று மூக்கைப் பொத்திக்கொண்டு அதைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். உதவிக்கு வந்திருந்த பெரியப்பா கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "இது கரம்பைடா. கண்மாய்க் கரம்பை. வண்டிக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்து வயலுக்கு அடிப்போம், உனக்கு வீட்டுக்கே கொண்டாந்து கொடுத்துட்டுப் போயிருக்கு" என்றார்.

அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சு மண்டைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. சாக்கடைத் தண்ணீர் என்று நாம் திட்டிக்கொண்டிருக்கிற இதற்குள் கரம்பை, அதாவது கண்மாயில் படிகிற வண்டல், எங்கிருந்து வந்தது? எந்தக் கண்மாயிலிருந்து?

அதைத் தேடிப் போனதில்தான் இந்த ஓடை எங்கே பிறந்து எங்கே போகிறது என்பதே எனக்குத் தெரியவந்தது. பதினாலு வருஷமாக இதன் கரையில் குடியிருக்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாம் ஓடை என்றும், கோபம் வந்தால் சாக்கடை என்றும், வீட்டை விற்கும்போது மட்டும் கால்வாய் என்றும் சொல்கிற இது, சாத்தையாற்றோடு சேர்ந்த தண்ணீர் வழி. சாத்தையாறு சிறுமலையின் தெற்குச் சரிவிலிருந்து இறங்குகிறது. சிறுமலை 1,000 மீட்டரைத் தாண்டிய மலை. மதுரை கடல் மட்டத்திலிருந்து 100 சொச்சம் மீட்டர்தான். அந்த மலைத்தலையில் பெய்கிற மழையில் வடக்குப் பக்கம் விழுவது சந்தானவர்த்தினி, குடகனாறு, அமராவதி என்று கைமாறிக் கைமாறிக் காவிரிக்குப் போய்விடுகிறது. தெற்குப் பக்கம் விழுவது நமக்கு. ஒரே மேகம், ஒரே மழை, மலைமேல் ஏதோ ஒரு வாழைத்தோட்டத்து வரப்புக்கு இந்தப் பக்கம் விழுந்ததா அந்தப் பக்கம் விழுந்ததா என்பதுதான் வித்தியாசம். அதிகாரிகள் கோப்பில் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று எழுதுவார்களே, அதற்கு அர்த்தம் இவ்வளவுதான்: எங்கெங்கே விழுந்த மழையெல்லாம் கடைசியில் நம் தெருமுனைக்கு வந்து சேருமோ, அந்த மொத்த நிலமும். நம் வார்டு எல்லையோ மாநகராட்சி எல்லையோ, ஏன், மாவட்ட எல்லைகூட அதற்குத் தெரியாது. சிறுமலை திண்டுக்கல் மாவட்டம், ஃப்ரிட்ஜ் மிதந்தது மதுரை மாவட்டம்.

மலையை விட்டு இறங்கினால் பாலமேட்டுக்குப் பக்கத்தில் சாத்தையாறு அணை. 29 அடி அணை, வைகை அணையைப் பார்த்த கண்ணுக்குப் பெரிய கண்மாய் மாதிரிதான் தெரியும். (பாலமேடு என்றதும் எல்லோருக்கும் ஜல்லிக்கட்டு ஞாபகம் வரும். அது நடக்கிற இடத்துக்குப் பேரே மஞ்சமலை ஆற்றுத் திடல். வருஷா வருஷம் டிவியில் காளையைப் பார்க்கிறோம், அது துள்ளிக்கொண்டு ஓடுகிற மண் ஓர் ஆற்றுப் படுகை என்று ஒருத்தருக்கும் தோன்றுவதில்லை.) அணைக்குக் கீழே வந்தால் குறுக்கே பெரியாறு பிரதானக் கால்வாய் போகிறது. அது வேறு தண்ணீர். மேற்கு மலையில் பெய்தது, 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிவிட்டது. சாத்தையாறு அணை அந்தக் கால்வாயைவிட மேட்டில் இருக்கிறது. அதனால் பாலமேடு பக்கத்து விவசாயிகள், அணை வறண்டு கிடக்கிறது, பெரியாற்றுத் தண்ணீரை மேலே ஏற்றி அணைக்கு விடுங்கள் என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தலைமாட்டில் தண்ணீர் வரவில்லை என்று மனு, கால்மாட்டில் தண்ணீர் வந்துவிட்டது என்று மனு, இரண்டுமே ஒரே ஆற்றைப் பற்றி.

அணைக்குக் கீழேதான் விஷயமே இருக்கிறது. அங்கிருந்து வண்டியூர் கண்மாய் வரைக்கும் இந்த ஆறு ஒரே கோடாக ஓடுவதில்லை, கண்மாய் கண்மாயாக இறங்கி வருகிறது. இதைப் பெரியப்பா எனக்குச் சாப்பாட்டு மேசையில் சோற்றை வைத்து விளக்கினார். தட்டில் சோற்றைப் பிறை மாதிரி குவித்து, மேட்டுப் பக்கம் திறந்திருக்கும்படி வைத்து, உள்பக்கம் ரசத்தை ஊற்றினார். சோறுதான் கரை. ரசம் நிற்கிற இடம் உள்வாய். கரைக்கு அடியில் விரலால் ஓட்டை போட்டு, இது மடை, இதிலிருந்து வயலுக்குப் பாயும் என்றார். கரையின் ஒரு கோடியில் கொஞ்சம் தாழ்வாக வழித்துவிட்டு, இது கலுங்கு, நிறைந்தால் இது வழியாக மறுகால் போகும் என்று சொல்லி, அது வழிகிற இடத்தில் இன்னொரு பிறையைக் குவித்தார். மேல் கண்மாயின் மறுகால்தான் கீழ்க் கண்மாயின் வரத்துக்கால். பெரியம்மா திட்டியதால் மூன்றாவது கண்மாய் கட்டப்படவில்லை.

இந்த அமைப்பின் சூட்சுமம் என்ன தெரியுமா, தண்ணீர் நின்று நின்று வரும். மலையில் சாயங்காலம் பெய்த மழை ராத்திரியே நம் வாசலுக்கு வந்துவிடாது. முதல் கண்மாய் நிறைய வேண்டும், அதன் கலுங்கு தாண்ட வேண்டும், அப்புறம் அடுத்தது. ஒவ்வொரு கண்மாயும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கீழே அனுப்பும். வழியில் கிணறுகள் ஊறும். கடைசியாக வண்டியூர் கண்மாய், அதுவும் நிறைந்தால் வைகை. (வண்டியூர் கண்மாய் வேறு, வண்டியூர் தெப்பக்குளம் வேறு. நம் குரூப்பிலேயே ஒருத்தர் தெப்பக்குளத்தில் இடம் இருக்கிறதே, அங்கே விடலாமே என்று எழுதியிருந்தார். அது 1645இல் திருமலை நாயக்கர் வெட்டியது, வைகைக்குத் தென்கரையில் இருக்கிறது, அதற்குத் தண்ணீர் பனையூர் கால்வாய் வழியாக ஆற்றிலிருந்து வருவது. நம் ஓடைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.)

இப்போது மதுரையின் வடகரைப் பெயர்களை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம், கோசாகுளம், உலகனேரி. பஸ் கண்டக்டர் கூவுவது அத்தனையும் தண்ணீர் நின்ற இடம். மாநகராட்சி மாளிகை இருப்பது தல்லாகுளம் கண்மாய்க்குள். 2004இல் திறந்த உயர் நீதிமன்றக் கிளை இருப்பது உலகனேரிக் கண்மாய்க்குள். ஆக்கிரமிப்பு வழக்கு போட வேண்டும் என்றாலும் கண்மாய்க்குள் போய்த்தான் போட வேண்டும், நம் ஊர் அப்படி.

நம் காலனி அந்தக் கணக்கில் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். நாம் யாரும் கண்மாயை ஆக்கிரமித்தவர்கள் கிடையாது. நம்முடையது கரைக்கு வெளியே இருந்த ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாய்ந்த வயல், பட்டா நஞ்சை, பிளாட் போட்டு முறையாக அங்கீகாரம் வாங்கி விற்றது. பத்திரம் சரி, பட்டா சரி, பேங்க்காரன் பார்த்துத்தான் லோன் கொடுத்தான். ஆனால் வயலுக்குள் தண்ணீர் போன வாய்க்கால்கள் எல்லாம் நம் தெருக்களுக்கு அடியில் போய்விட்டன, மிஞ்சியது மறுகால் ஓடை ஒன்றுதான். நெல் வயலுக்கு முழங்கால் தண்ணீர் இரண்டு நாள் நின்றால் ஒன்றும் ஆகாது. நம் ஹாலுக்கு ஆகும். அதே இடம், அதே தண்ணீர்.

சரி, ஓடைக்கு வருகிறேன். இந்த தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, நம் தெருப் பாலத்திலிருந்து மேலே மேலே போனேன். பாலம் வரும் இடத்தில் எல்லாம் இறங்கி, ஓடையின் அகலத்தைக் காலடியால் அளந்து செல்போனில் குறித்துக்கொண்டேன். நம் தெருப் பாலத்தில் ஐந்து எட்டு வைத்தால் அக்கரை. அதற்கு மேலே, பெட்ரோல் பங்கைத் தாண்டி இருக்கிற சின்னப் பாலத்தில் ஏழு. ரிங் ரோட்டை நெருங்கினால் ஒன்பது. அதையும் தாண்டி, இரண்டு பக்கமும் இன்னும் வயல் இருக்கிற இடத்தில் பதினாலு எட்டு வைத்தும் அக்கரை வரவில்லை, நாணல் இருந்ததால் திரும்பிவிட்டேன். எந்த ஊரிலாவது ஆறு மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்து பார்த்திருக்கிறீர்களா? கீழே வர வர ஓடைகள் வந்து சேரும், தண்ணீர் கூடும், அகலமும் கூட வேண்டும். நம் ஓடை புனல் மாதிரி இருக்கிறது, நாம் புனலின் குறுகின முனையில் குடியிருக்கிறோம்.

இன்னொன்றும் பார்த்தேன். நம் தெருப் பாலம் என்று நாம் சொல்வது பாலமே இல்லை, இரண்டு சிமெண்ட் குழாயை வைத்து மேலே மண் போட்டது. அதில் இடது பக்கக் குழாய்க்குள் ஒரு மெத்தை இருக்கிறது. நிஜமாகவே மெத்தை, நீலப் பூப்போட்ட இலவம்பஞ்சு மெத்தை, அதன் மேல் கரம்பை படிந்து ஒரு சின்ன அரசங்கன்று முளைத்திருக்கிறது. அரசங்கன்று இடுப்பு உயரம் வளர்ந்துவிட்டது என்றால் மெத்தை எத்தனை மழையைப் பார்த்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2024இல் நமக்கு ஒரே ஒரு குழாய்தான் வேலை செய்திருக்கிறது.

இப்போது மனுவுக்கு வருகிறேன். கான்கிரீட் தொட்டியும் மூடியும் போட்டால் என்ன ஆகும்? சுவர் கட்டும்போது இப்போது இருக்கிற ஐந்து எட்டையே அளவாக வைத்துக்கொள்வார்கள், வருவாய்த்துறைப் புலப்படத்தில் (நிலத்தை அளந்து வரைந்து வைத்த படம்) ஓடைப் புறம்போக்கு எவ்வளவு அகலம் என்று யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அத்தோடு குறுகல் நிரந்தரமாகிவிடும். கான்கிரீட்டில் தண்ணீர் வேகமாக ஓடும், நல்லதுதானே என்று செயலாளர் கேட்டார். மேலே இருந்தும் வேகமாகத்தான் வரும், அண்ணே. மண் குடிக்காது, எங்கேயும் தங்காது, அத்தனையும் ஒரே நேரத்தில் வந்து அடுத்த குழாய்ப் பாலத்தில் முட்டும். மெத்தை உள்ளே போனால் எடுப்பது எப்படி? இப்போது எட்டிப் பார்த்தால் தெரிகிறது, சிலாப்புக்கு அடியில் இருந்தால் ஜேசிபி கையை எங்கே விடும்? நம் பிரச்சினை தீர்ந்தது என்றே வைத்துக்கொண்டாலும், நமக்குக் கீழே இருக்கிற காலனிக்காரர்கள் அடுத்த வருஷம் இதே மாதிரி ஒரு மனுவைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

இதற்குத் தூரமாகப் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. தென்கரையில் கிருதுமால் நதி. பாகவதத்தில் சத்தியவிரதன் என்ற திராவிட அரசன் நீர்க்கடன் செய்யும்போது கையில் ஒரு குட்டி மீன் வந்ததே, மச்ச அவதாரக் கதை, அது நடந்ததாகச் சொல்லப்படுகிற கிருதமாலா இதுதான். நாகமலைப் பக்கம் தொடங்கி நகரத்துக்குள் நுழைந்து, வெளியே போய்க் குண்டாற்றில் சேர வேண்டிய ஆறு. ஊருக்குள் அதற்கு இரண்டு பக்கமும் சுவர் கட்டினோம். இப்போது கீரைத்துறைப் பக்கம் போய் நின்று பாருங்கள், அங்கே கையில் மீன் வராது. கிராமங்களில் இன்னும் அந்த ஆற்றை நம்பி விவசாயம் நடக்கிறது, ஆனால் அதற்கு விரகனூர் மதகணையிலிருந்து வைகைத் தண்ணீரைத் தனியாகத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. ஊருக்குள் வருகிற கிருதுமாலும் ஊருக்கு வெளியே போகிற கிருதுமாலும் இப்போது வேறு வேறு ஆறு.

அப்படியானால் என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். மனுவைக் கிழிக்கச் சொல்லவில்லை, திருப்பி எழுதச் சொல்கிறேன். ஓடையைப் புலப்படத்தின்படி அளந்து கல் நடுங்கள் என்று கேட்போம். நம் தெருவிலும் மேலே இரண்டு இடத்திலும் இருக்கிற குழாய்களை எடுத்துவிட்டு, ஓடை அகலத்துக்கு நிஜமான பாலம் கட்டுங்கள் என்று கேட்போம். புரட்டாசிக்குள் ஓடையைத் தூர்வாரி, வாரிய மண்ணைக் கரையிலேயே குவிக்காமல் (போன தடவை குவித்தது முதல் மழையிலேயே திரும்ப உள்ளே போய்விட்டது) எடுத்துக்கொண்டு போங்கள் என்று கேட்போம். பெரியப்பா மாதிரி ஆட்கள் அந்தக் கரம்பையை வண்டி வைத்து வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். முக்கியமாக, இந்த மனுவில் மாநகராட்சியை மட்டும் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. மேலே இருக்கிற கண்மாய்களின் மடையும் கலுங்கும் நீர்வளத்துறை கையில், அளவு வருவாய்த்துறை கையில். அந்தக் கண்மாய்கள் கரம்பை ஏறி, சீமைக் கருவேலம் மண்டி, பாதித் தண்ணீர்கூடப் பிடிக்காமல் இருக்கும்வரை மீதி நம் பாத்ரூம் வழியாகத்தான் வரும். ஓடைக்கு மேலே இருக்கிற ஊர்க்காரர்களுக்குக் கண்மாய் தூர்வார வேண்டும் என்று நாம் மனு கொடுப்பது வேடிக்கையாகத் தெரியலாம். எனக்கு அதுதான் நம் வீட்டுக்குப் போடுகிற முதல் மணல் மூட்டையாகத் தெரிகிறது.

நம் பங்கும் இருக்கிறது. 1,200 சதுர அடி மொட்டை மாடியில் 10 செ.மீ. பெய்தால் 11,000 லிட்டருக்கு மேல், ஏறக்குறைய ஒரு லாரித் தண்ணீர். சித்திரையில் நாம் காசு கொடுத்து வரவழைக்கிற அதே லாரி. ஐப்பசியில் ஆளுக்கு ஒரு லாரியை பைப் வழியாக நேரே ஓடையில் விட்டுவிட்டு, ஓடை பொங்குகிறது என்கிறோம். மழைநீர்த் தொட்டி இருக்கிறது என்று பிளானில் காட்டிய எல்லோர் வீட்டிலும் அது இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் வீட்டில் அதன் மேல்தான் துணி துவைக்கிற கல் கிடக்கிறது.

அப்புறம் அந்தக் கார் ஏற்றும் சாய்வுத் தளம். ஓடைப் பக்கத்து வரிசையில் பதினோரு வீட்டில் அது ஓடைக்குள் மூன்று அடி நீட்டிக்கொண்டிருக்கிறது. பதினொன்றில் ஒன்று என்னுடையது. கொத்தனாரிடம் பேசிவிட்டேன், சித்திரைக்குள் இடித்துவிடுவேன், கார் இனிமேல் தெருவில் நிற்கும், அதற்காக எதிர்வீட்டு மாமா என்னிடம் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

மனுவைக் கலெக்டர் ஆபீசில் கொடுப்பது திங்கட்கிழமை என்று சொன்னார்கள். ஒரு வாரம் தள்ளி வையுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், தெருமுனை டீக்கடையில் இருப்பேன். பெரியப்பாவும் வருகிறார், முட்டி வலி என்பதால் அவருக்கு மட்டும் ஒரு ஆட்டோ சொல்லியிருக்கிறேன். காலடிக் கணக்கை நம்ப மாட்டேன் என்று பொருளாளர் அக்கா சொல்வார்கள் என்று தெரியும், அதனால் 30 மீட்டர் டேப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். மெத்தையை இழுக்க இரண்டு பேர் வேண்டும், பழைய செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஓடை வரிசை, ஒன்பதாம் வீட்டுக்காரன்